ஊடுபயிரால் பயிரின் சொந்த எதிர்ப்பைக் கூட்டுவது எப்படி?

ஊடுபயிர் என்று பேச்செடுத்தாலே "பூச்சி வராமல் இருக்க இடையில் எதைப் போடலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வாசனையுள்ள ஏதாவது ஒரு செடியை நாலு இடத்தில் நட்டுவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால்தான் பயன் கிடைக்கும் என்பது என் எண்ணம். பூச்சியை எதிர்க்கும் சரக்கு நம் முக்கியப் பயிருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் செடி அதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். எந்தச் செடியை, எவ்வளவு தள்ளி, எப்போது போட்டால் கூடும், எப்போது குறையும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் மக்காச்சோளமும் காய்கறியும் கலந்து போடுகிறவன். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

பயிருக்குள் இருக்கும் சரக்கு

ஒரு கடுகு இலையைப் பறித்து மென்று பாருங்கள். மென்ற பிறகுதான் காரம் ஏறும். முழு இலையில் அந்தக் காரம் இல்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் பிரிந்திருக்கின்றன. பல் பட்டு செல்கள் நசுங்கும்போது இரண்டும் கலக்கின்றன, காரம் பிறக்கிறது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

மக்காச்சோளத்தில் இந்த வேலையைச் செய்வது பென்சாக்சாசினாய்டு என்ற வகைப் பொருட்கள். டிம்போவா என்பது அவற்றில் முக்கியமானது. சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு பிணைந்து செல்லுக்குள் பத்திரமாக இருக்கும். புழு கடித்ததும் சர்க்கரை கழன்று நஞ்சு வெளிவரும். முளைத்துச் சில வாரங்கள் வரை பயிரில் இது நிறைய இருக்கும், வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

இவை கையிருப்புச் சரக்கு. இன்னொரு வகை, அடி விழுந்த பிறகு செடி புதிதாகத் தயாரிப்பது. தக்காளி இலையைப் புழு கடித்தால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதன் தூண்டுதலில், புழுவின் வயிற்றில் புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருட்களைச் செடி உண்டாக்குகிறது. புழு தின்னும், ஆனால் வளராது. அசுவினி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகள் வந்தால் சாலிசிலிக் அமிலத்தின் பாதை கூடுதலாக வேலை செய்யும். பல பயிர்களில் ஒரு பாதை ஏறினால் மற்றது இறங்குகிறது. எல்லாப் பூச்சிக்கும் ஒரே பக்கத்துச் செடி மருந்தாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, வாசனை. புல் வெட்டும்போது எழும் பச்சை வாசம் எல்லோருக்கும் தெரியும். அது அடிபட்ட இலை உடனே விடும் சரக்கு. சில மணி நேரம் கழித்து வேறு விதமான வாசனைப் பொருட்கள் கிளம்பும். புழுவுக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இது அழைப்பு. படைப்புழு இனப் புழு கடித்த மக்காச்சோளம் இப்படிக் குளவியை வரவழைக்கிறது என்பது 1990-லேயே ஆய்வில் காட்டப்பட்டது.

சரி, பக்கத்துச் செடி இதில் எப்படித் தலையிடுகிறது? காற்று வழியாக, மண் வழியாக, வெளிச்சம் வழியாக, உரம் வழியாக. ஊடுபயிர் பற்றிய பேச்சில் வெளிச்சத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

வெளிச்சம்: நெருக்கி நட்டால் பயிர் எதிர்ப்பைக் கைவிடும்

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அடுத்துள்ள தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பக்கத்தில் இன்னொரு செடி நின்றால் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு கூடியிருக்கும். பைட்டோகுரோம் என்ற நிறமி மூலம் பயிர் இந்த மாற்றத்தை உணர்கிறது. நிழல் இன்னும் விழாத நிலையிலேயே "பக்கத்தில் போட்டியாள் இருக்கிறான்" என்று அதற்குத் தெரிந்துவிடும். உடனே தண்டை நீட்டி மேலே ஏறப் பார்க்கும். அர்ஜென்டினாவில் கார்லோஸ் பல்லாரே குழுவினர் காட்டியது இதில் முக்கியமான விஷயம்: இந்த நிலையில் இருக்கும் செடி ஜாஸ்மோனிக் அமிலத்துக்குச் சரியாகப் பதில் கொடுப்பதில்லை. புழு கடித்தாலும் எதிர்ப்புச் சரக்கு பாதியில் நின்றுவிடுகிறது. இருக்கும் சத்தை வளர்த்தியில் போட்டுவிட்டுப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறது.

ஊடுபயிர் போட்டும் புழு கூடியது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இடைவெளியைத்தான். கருவி எதுவும் வேண்டாம், செடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். முக்கியப் பயிரில் இரண்டு கணுவுக்கு நடுவே தூரம் கூடியிருக்கிறதா, இலைக்காம்பு மேல்நோக்கி விறைத்து நிற்கிறதா, இலை மெலிந்து வெளிறியிருக்கிறதா, அடி இலை காலத்துக்கு முன்பே மஞ்சளாகிறதா? இவற்றில் இரண்டு தெரிந்தாலே பக்கத்துச் செடி அதை நெருக்குகிறது என்று பொருள். தனியாக விட்ட அதே ரகச் செடியின் தண்டை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, இதையும் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இதைத் தவிர்க்க நான் வைத்திருக்கும் வழி எளிமையானது. முக்கியப் பயிர் உயரமானதாக இருந்தால் குட்டையான ஊடுபயிர் போடுங்கள். மக்காச்சோளத்துக்கு இடையில் உளுந்து, தட்டைப்பயறு பொருந்தும். தட்டைப்பயறில் கொடி ஓடாத ரகம் எடுங்கள். கொடி மக்காச்சோளத்தில் ஏறினால் கணக்கு மாறிவிடும். முக்கியப் பயிர் குட்டையானது, பக்கத்தில் உயரமானதை வைக்க வேண்டும் என்றால் ஒன்று விட்டு ஒன்று வரிசை வேண்டாம். குட்டைப் பயிரை நாலைந்து வரிசை சேர்த்துப் பட்டையாகப் போட்டு, உயரமானதை ஒற்றை வரிசையாக நிறுத்துங்கள். ஊடுபயிரைச் சில வாரங்கள் தள்ளி விதைப்பதும் நல்லது. முக்கியப் பயிர் முதலில் தலை தூக்கிவிட்டால் அதற்கு நெருக்கடி குறையும். முந்திக்கொண்ட ஊடுபயிரை வெட்டி அடக்கத் தயங்க வேண்டாம்.

காற்று: எவ்வளவு தூரம் எட்டும்

வாசனை வழியாகப் பக்கத்துச் செடி தயாராவது உண்மைதான், ஆனால் எட்டும் தூரம் குறைவு. அமெரிக்காவில் காட்டுப் புதரான சேஜ்பிரஷ்ஷில் நடந்த ஆய்வில், வெட்டுப்பட்ட கிளையிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை இருந்த கிளைகளில்தான் எதிர்ப்பு கூடியது. பயிருக்குப் பயிர் இது மாறும். இருந்தாலும் வயலின் நாலு ஓரத்தில் மட்டும் வாசனைச் செடி நட்டுவிட்டு நடுவில் இருக்கும் பயிர் உஷாராகும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்று வழிப் பயன் வேண்டுமென்றால் கை நீட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும், காற்று வரும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் காற்று வழி வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தக்காளி பற்றி 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது. புழு கடித்த செடி ஹெக்செனால் என்ற பச்சை வாசப் பொருளைக் காற்றில் விடுகிறது. பக்கத்துத் தக்காளி அதை உள்ளே இழுத்து, சர்க்கரையோடு சேர்த்து, புகையிலை வெட்டுப்புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும் பொருளாக மாற்றிக்கொள்கிறது. வெறும் சேதியாக வந்ததையே செடி மருந்தாக ஆக்கிக்கொள்கிறது. பக்கத்துச் செடிகளுக்குள் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று தெரிந்த பிறகு, வரிசை இடைவெளியை அலட்சியமாக விட என்னால் முடிவதில்லை.

அடிபடாத செடியின் வாசனையும் வேலை செய்யும். உருளைக்கிழங்குச் செடியை வெங்காய வாசனையில் வைத்தபோது, உருளையே தான் விடும் வாசனையை மாற்றிக்கொண்டது. பீச் அசுவினிக்கு அதன்மேல் ஈர்ப்பு குறைந்தது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டது இது. வெங்காயம் அசுவினியை விரட்டியது என்று மட்டும் பார்த்தால் இதில் பாதியைத்தான் பார்க்கிறோம். புதினாவின் அருகே வளர்ந்த சோயாவிலும் கடுகுக் குடும்பச் செடியிலும் எதிர்ப்பு மரபணுக்கள் தயார் நிலைக்குப் போயின, பூச்சிச் சேதம் குறைந்தது என்று 2018-ல் ஜப்பானிலிருந்து வந்தது.

தயார் நிலை என்றால் செடி மருந்தைத் தயாரித்துக் குவித்து வைப்பது இல்லை. அப்படிச் செய்தால் விளைச்சல் குறைந்துவிடும். தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் அரிசி போட்டதும் உலை சட்டென்று கொதிப்பது போல, கடி விழுந்ததும் வேகமாகப் பதில் கொடுக்கும் நிலை அது. பூச்சி வருவதற்கு முன்பே பக்கத்துச் செடி வளர்ந்து நிற்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத் தக்காளியில் செண்டுமல்லி வைத்துப் பார்த்தார்கள். செண்டுமல்லி விடும் லிமோனீன் வாசனையால் வெள்ளை ஈ பெருகும் வேகம் குறைந்தது. ஆரம்பத்திலிருந்தே செண்டுமல்லி இருந்த இடத்தில் நல்ல பலன், வெள்ளை ஈ பரவிய பிறகு கொண்டுபோய் வைத்த இடத்தில் குறைந்த பலன். 2019-ல் வெளியான ஆய்வு இது. நாற்று நடும் அன்றே பக்கத்துச் செடியும் வளர்ந்த நாற்றாக இருக்கும்படி முன்கூட்டியே விதையுங்கள்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊடுபயிர் இருக்கும் இடத்தில் பூச்சி குறைந்தால் எல்லாமே ரசாயனம் என்று முடிவு கட்டக் கூடாது. முட்டைக்கோசை வேர் ஈ எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தபோது, சுற்றிலும் பச்சையாக எதுவும் இருந்தாலே அது தவறான இடத்தில் இறங்கி ஏமாறுவது தெரிந்தது. பச்சைக் காகிதம் வைத்தால்கூடப் பலன் இருந்தது. அங்கே வாசனைக்கு வேலையே இல்லை, மண் தெரியாமல் மூடியிருப்பதுதான் உதவியது. அப்படிப்பட்ட பூச்சிக்குத் தரை மூடும் குட்டைப் பயிர் எதுவும் போதும், விலை கொடுத்து வாசனைச் செடி தேட வேண்டாம்.

மண்: மெதுவாக வரும், நின்று பலன் தரும்

கென்யாவில் விக்டோரியா ஏரிக் கரையோரம் 1990-களில் உருவான ஒரு முறையைச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமை பெறாது. ஜெயாவுர் கான் தலைமையில் அங்கிருக்கும் பூச்சியியல் ஆய்வு மையமான இசிப்பேவும், ஜான் பிக்கெட் இருந்த இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து செய்தது. மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். உள்ளிருந்து தள்ளு, வெளியிலிருந்து இழு என்பது கருத்து. தண்டுத்துளைப்பானின் தாய் அந்து நேப்பியர் புல்லில் விரும்பி முட்டை வைக்கும். புழு தண்டைத் துளைக்கும்போது புல்லிலிருந்து பிசுபிசுப்பான சாறு வடிந்து அதைக் கொல்லும். மொலாசஸ் புல் என்ற தீவனப் புல்லை இடையில் போட்டபோது, அது விடும் வாசனை அந்தைத் தள்ளியது, ஒட்டுண்ணிக் குளவியை இழுத்தது. இது 1997-ல் வெளியானது. டெஸ்மோடியத்தில் எவ்வளவு வேலை வாசனை செய்கிறது, எவ்வளவு வேலை அதன் இலையிலும் தண்டிலும் உள்ள கொக்கிமுடி செய்கிறது என்பதில் இப்போதும் விவாதம் நடக்கிறது. அந்த முடியில் சின்னப் புழுக்கள் சிக்கிச் சாகின்றன. படைப்புழு ஆப்பிரிக்காவுக்குள் வந்த பிறகு, இந்த முறை இருந்த வயல்களில் செடிக்கு இருந்த புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்ததாக 2018-ல் பதிவானது. சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணிக் களையையும் டெஸ்மோடியத்தின் வேர்க் கசிவு அடக்கியது. அந்தப் பகுதி விவசாயிகளுக்கு அதுவே பெரிய லாபம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2019-ல் வந்த தொடர்ச்சி. இப்படி நடத்திய வயலிலிருந்து மண்ணை எடுத்து, அதில் மக்காச்சோளத்தைத் தனியாக வளர்த்தார்கள். டெஸ்மோடியம் பக்கத்தில் இல்லை, நேப்பியரும் இல்லை, மண் மட்டும். அப்படியும் அந்தச் செடிகளில் எதிர்ப்பு ரசாயனங்கள் கூடியிருந்தன, தண்டுத்துளைப்பான் புழு குறைவாகத் தின்றது. பக்கத்துச் செடி மண்ணில் விட்டுப்போன மாற்றமே அடுத்த பயிருக்குப் பாதுகாப்பாக நின்றிருக்கிறது. மக்காச்சோளமும் தன் பங்குக்கு வேர் வழியாகப் பென்சாக்சாசினாய்டுகளை விட்டு மண் நுண்ணுயிர்களை மாற்றுகிறது, அந்த மாற்றம் அடுத்து வரும் மக்காச்சோளத்தின் எதிர்ப்பைத் தொடுகிறது என்று வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

வேரோடு கூடி வாழும் பூசணம் இன்னொரு வழி. அவரை இனச் செடிகளைப் பூசண இழைகளால் இணைத்து வைத்து ஒன்றில் மட்டும் அசுவினியை விட்டபோது, அசுவினி வராத மற்ற செடிகளும் அசுவினியைத் தள்ளும் வாசனையை விட ஆரம்பித்தன. பிரிட்டனில் 2013-ல் வந்த ஆய்வு. இழை தொடாத செடிகளில் அந்த மாற்றம் இல்லை.

வயலில் இதற்குச் செய்ய வேண்டியது நாலு காரியம். உழவைக் குறையுங்கள், அடிக்கடி கிளறினால் பூசண இழை அறுந்துபோகும். ஊடுபயிரை அறுவடை செய்யும்போது வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்து வேரை மண்ணிலேயே விடுங்கள். இரண்டு பயிருக்கு நடுவே நிலத்தை நீண்ட நாள் வெறுமையாகப் போடாதீர்கள். மணிச்சத்தை அளவுக்கு மேல் கொட்டாதீர்கள், அது மிகுந்தால் செடி பூசணத்தோடு உறவைக் குறைத்துக்கொள்ளும். கடுகுக் குடும்பச் செடிகள் இந்தப் பூசணத்தோடு சேருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முட்டைக்கோசுக்கு இந்த வழியை எதிர்பார்க்க முடியாது. மண் வழிப் பலனை ஒரே பருவத்தில் எடைபோட வேண்டாம், பொறுமை வேண்டும்.

உரம்: அளவு தப்பினால் எல்லாம் வீண்

தழைச்சத்து மிகுந்து இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் பார்க்க அழகுதான். அந்த இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும், பீனால் வகை எதிர்ப்புப் பொருட்கள் குறையும். அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் அது விருந்து. பயறு வகையை ஊடுபயிராகப் போட்டுவிட்டு யூரியாவையும் வழக்கம்போல் கொட்டினால் இரண்டு நஷ்டம்: பயறு வேரில் முடிச்சு குறையும், முக்கியப் பயிரின் இலை இளகும். பயறிலிருந்து அதே பருவத்தில் பக்கத்துப் பயிருக்குப் போகும் தழைச்சத்து கொஞ்சம்தான், பெரும்பகுதி வேரும் தழையும் மட்கிய பிறகுதான் கிடைக்கும். அதனால் யூரியாவை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. பிரித்துப் பிரித்துக் கொடுங்கள், இலையின் நிறம் பார்த்துக் கொடுங்கள், சாம்பல் சத்து குறையாமல் பாருங்கள்.

எந்தப் பயிருக்கு எது

முதலில் உங்கள் வயலில் அதிகம் இழப்பு தரும் பூச்சி எது என்று ஒன்றை மட்டும் தீர்மானியுங்கள். பிறகு, அந்தப் பூச்சிக்குப் பக்கத்துச் செடியும் உணவாகுமா என்று பாருங்கள். தக்காளிக்குப் பக்கத்தில் வெண்டை, கத்தரி, பருத்தி எல்லாம் வெள்ளை ஈக்குப் பந்தி. காய்ப்புழுவும் தக்காளி, கொண்டைக்கடலை, பருத்தி, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் சாப்பிடும். இப்படிப் பொதுவான பூச்சி இருந்தால், பக்கத்துச் செடியைப் பூச்சியை இழுத்து அங்கேயே அழிக்கும் பொறியாக வைத்துக் கவனிக்கப் போகிறீர்களா, வெறும் துணைப்பயிராக வைக்கிறீர்களா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

பொறிப்பயிர் என்றால் கவனிப்பு கட்டாயம். தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது நன்றாகப் பார்த்துச் சொல்லப்பட்ட அளவு. 40 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும், காய்ப்புழுவின் தாய் அந்து செண்டுமல்லி மொட்டில் முட்டை வைக்கும். முட்டைக்கோசுக்குக் கடுகு: 25 வரிசைக்கு ஒரு ஜோடி கடுகு வரிசை. ஒன்றை முட்டைக்கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றதை நட்ட 25 நாள் கழித்தும் விதைப்பார்கள், முதல் கடுகு முற்றும்போது அடுத்தது தயாராக இருக்கும். முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்து அந்தக் காரத்தைத் தேடித்தான் வருகிறது. காரம் எல்லாப் பூச்சியையும் விரட்டாது, பழகிய பூச்சிக்கு அதுவே விலாசம். வைரமுதுகுப் புழுவிடம் குளுக்கோசினோலேட்டைச் செயலிழக்கச் செய்யும் நொதியே உண்டு. மக்காச்சோளத்தின் டிம்போவாவைப் படைப்புழுவும் அதேபோல் மீண்டும் சர்க்கரையோடு கட்டி முடக்கிவிடும். இந்த இரண்டு புழுக்களுக்கும் செடியின் கையிருப்பு நஞ்சை மட்டும் நம்ப முடியாது. குளவியை வரவழைக்கும் வாசனையும், அந்தக் குளவிக்குத் தீனியும்தான் உதவும்.

ஆமணக்கை ஓரத்தில் வைத்தால் புகையிலை வெட்டுப்புழு அங்கே முட்டை வைக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: பழுப்பு முடி போர்த்திய ஒரு திட்டு தெரியும், அது முட்டைக் குவியல். பொரித்துவிட்டால் குட்டிப் புழுக்கள் கூட்டமாகப் பச்சையத்தை மட்டும் சுரண்டி, இலை கண்ணாடிக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் போகும். விட்டுவிட்டால் அவை வளர்ந்து பயிருக்குள் நடந்து வரும்.

தட்டைப்பயறிலும் ஆமணக்கிலும் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் இடங்கள் உண்டு. ஆமணக்கு இலைக்காம்பில் சின்ன மரு போல இருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். குளவி, எறும்பு, பொறிவண்டு இதற்காக வரும். பக்கத்துப் பயிர் வாசனையால் கூப்பிடும் குளவி பசியோடு திரும்பிப் போகாமல் இருக்க இப்படி ஒரு செடி வயலில் இருக்க வேண்டும். இந்த நேரத்தில் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால் பயிர் கூப்பிட்டும் வர ஆள் இருக்காது. தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொறிப்பயிரில் மட்டும் தெளியுங்கள்.

ரகத்தையும் பாருங்கள். தண்டுத்துளைப்பான் முட்டை வைத்த உடனேயே, புழு பொரிக்கும் முன்பே, குளவியைக் கூப்பிடும் வாசனையைச் சில நாட்டு மக்காச்சோள ரகங்கள் விடுகின்றன. சோதித்த வணிக வீரிய ரகங்களில் அந்தப் பதில் இல்லை. 2011-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, கொஞ்சம் இடத்தில் நாட்டு ரகம் போட்டுப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

பலன் எந்த வழியில் வந்தது என்று பார்ப்பது

அதே விதை, அதே நாள், அதே உரத்தில் ஊடுபயிர் இல்லாத ஒரு துண்டை விட்டுவையுங்கள், ஒட்டி இல்லாமல் தள்ளி. வாரம் ஒரு முறை இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடிகளைப் பாருங்கள். எத்தனை புழு என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டை எத்தனை, புழு எந்த அளவு, ஒட்டுண்ணி தாக்கியது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள்.

முட்டையே குறைவாக இருந்தால் தாய்ப்பூச்சி தள்ளப்பட்டிருக்கிறது, அல்லது பயிரைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கிறது. முட்டை இரண்டு பக்கமும் சமம், ஆனால் ஊடுபயிர்ப் பக்கத்துப் புழு ஒரே வயதில் சிறுத்திருக்கிறது என்றால் இலையின் சரக்கு கூடியிருக்கிறது. நாம் தேடுவது இதைத்தான். புழுவின் மேல் அல்லது பக்கத்தில் அரிசி மணியைவிடச் சின்னதாக வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் குளவி வந்துவிட்டது. அசுவினியில் உடம்பு உப்பிப் பழுப்பு நிறமாக அசையாமல் இருப்பவை ஒட்டுண்ணி உள்ளே இருப்பவை, அவற்றைப் பறிக்க வேண்டாம். ஊடுபயிர்ப் பக்கத்தில் முட்டையும் கூடி, புழுவும் கொழுத்திருந்தால் உடனே தண்டையும் கணுவையும் பாருங்கள். நெருக்கமோ யூரியாவோதான் காரணமாக இருக்கும்.

மண் வழிப் பலனைத் தெரிந்துகொள்ள அறுவடைக்குப் பிறகு ஒரு சோதனை செய்யலாம். இரண்டு துண்டுகளிலிருந்தும் மேல்மண்ணைத் தனித்தனியாக எடுத்து ஒரே அளவுச் சட்டிகளில் நிரப்புங்கள், பக்கத்துக்கு ஒரு பத்துச் சட்டியாவது வேண்டும். ஒரே விதையைப் போட்டு ஒரே வெயிலில் வையுங்கள். செடி ஐந்தாறு இலை விட்டதும், ஒரே முட்டைக் குவியலில் பொரித்த ஒரே அளவுப் புழுக்களை ஒவ்வொரு செடியிலும் விட்டு வலைத்துணியால் மூடுங்கள். சில நாள் கழித்துப் புழுக்களை எடுத்து நகைத் தராசு மாதிரி நுணுக்கமான தராசில் நிறுத்துப் பாருங்கள், இலையில் போன பங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மண்ணிலும் தழைச்சத்து வேறாக இருந்தால் கணக்கு குழம்பும். அதனால் மண் பரிசோதனை செய்து, குறைந்த பக்கத்துக்கு ஈடு கொடுத்த பிறகே விதையுங்கள்.